ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் ஒரு மேடு

ஆண்டு இல்லை. நிறை.
மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் சொன்ன நிறை.
அங்கே யாரும் இதுவரை எதையும் கண்டதில்லை.
சூத்திரம் மட்டும் ஐம்பது வருஷமாக
இருக்க வேண்டுமே, இருக்க வேண்டுமே என்கிறது.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த கான்ஸ்டபிள் பாலேராவ்
மான்குர்த் வீட்டு வாசலில் குடையை உதறிச் சாத்திவிட்டு
என்ன வேலை என்றார்.
புரோட்டான்மேல் எலக்ட்ரானை எறிகிற வேலை.
எதற்கு?
அடி வாங்கினால் அது என்ன ஆகிறது என்று பார்க்க.
பார்த்திருக்கிறீர்களா?
இல்லை. தெறித்து வருவதை எண்ணுகிறோம்.
படிவத்தில் 'ஆசிரியை' என்று எழுதிக்கொண்டார்.
படியிறங்கும்போது சொன்னார்:
பன்வேல் சாலையில் லாரி இடித்துவிட்டு ஓடிவிட்டால்
நாங்களும் கண்ணாடிச் சில்லைத்தான் பொறுக்குகிறோம் மேடம்,
ஆனால் எங்களுக்கு ஒரு செருப்பாவது கிடைக்கும்.

எங்களுக்குக் கிடைப்பது இது.
ஒரு நொடியைக் கோடியாக நறுக்கு.
ஒரு துண்டை எடுத்து மறுபடி கோடியாக,
அதிலொன்றை மறுபடியும் கோடியாக,
கை ஓய்ந்தபின் கடைசியாக ஓர் ஆயிரம்.
அந்தத் துணுக்கில் ஐந்தோ ஆறோதான்
புரோட்டானின் முதல் கிளர்ச்சிக்கு ஆயுசு.
கிளர்ச்சி, தமிழில் நல்ல சொல்.
கொடி, ஊர்வலம், தடியடி எல்லாம் அதற்குள் இருக்கிறது.
இது ஒரு பையானைத் துப்பிவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல்
பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அற்பாயுசுக்கு இன்னொரு குணம்,
தன் நிறையைச் சரியாகச் சொல்லாது.
குறைவாக வாழ்வது அகலமாகத் தெரியும்.
வரைபடத்தில் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
குர்லாவில் மாலை ஆறே முக்காலுக்கு
எந்தத் தோள் யாருடையது?

நியூட்ரான் இன்னும் மோசம்.
தனியே விட்டால் கால் மணி நேரத்தில் கலைந்துபோகும்.
டியூட்டீரியத்தில் ஒரு புரோட்டானோடு கட்டிவைத்துத்தான்
அடிக்க வேண்டும்.
கட்டிய இடத்திலும் சும்மா இராது, ஓடும்.
ஓடுவதை ஓடிக்கொண்டே எடை போடு.

ஜூலை. கொலாபாவின் கடைசி முனை.
கடல் ஜன்னலுக்கு வந்து வந்து
உப்பைப் பூசிவிட்டுப் போனது.
எங்கோ ஒரு சுரங்கத்தில் மோதியதெல்லாம்
எண்களாக என் திரையில் இறங்கி முடிந்த இரவு
நியூட்ரான் தரவில், கேயான் பக்கம்,
மேடு.
கணக்கை மறுபடி ஓட்டினேன். நின்றது.
மூன்றாம் முறையும் நின்றது.
யாரிடமும் சொல்லாமல் காலையில் கேன்டீன் போய்
இரண்டு படாட்டா வடை தின்றேன்,
மிளகாயையும் விடாமல்.
மூன்றாம் நாள் ஃபிரோஸாவிடம் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரே கேள்வி கேட்டாள்:
நான்காம் பிரிவு உயிரோடுதானே இருந்தது?

இல்லை.
பிப்ரவரியில் பதினோரு நாள்
ஒரு கவுன்ட்டரின் மின்னழுத்தம் சரிந்திருக்கிறது.
அங்கே எவரோ பதிவேட்டில் எழுதியும் வைத்திருக்கிறார்,
இரவு இரண்டு பத்து, 'மறுபடி அதே தொல்லை'.
பதினோரு நாளையும் வெட்டினேன்.
மேடு தணிந்தது.
முழுக்கத் தணியவில்லை.

அதுதான் உறுத்தல்.
இருக்கிறது என்று எழுத முடியாது.
இல்லை என்று எழுதக் கை வரவில்லை.
இதற்கென்றே மேல்வரம்பு என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம்,
அதைப் போட்டு அட்டவணையை மூடினேன்.

சூனாபட்டியில் தண்டவாளம் மூழ்கி
ஒன்றரை மணி நேரமாக வண்டி நிற்கிறது.
பெண்கள் பெட்டியில் யாரோ பட்டாணி உரிக்கிறார்கள்.
போனில் செய்தி: காவல் விசாரணை முடிந்தது.
பாலேராவின் கணக்கில் நான் ஆசிரியை.
நவம்பரில் கிளம்ப வேண்டும்.
சுரங்கத்துக்குள் இறங்கி
அந்த நான்காம் பிரிவை
ஒருமுறை கையால் தட்டிப் பார்க்க வேண்டும்.