யாரும் வாசிக்காத வரி

இரைச்சலை எடுப்பது என் தொழில்.
இருமல், நாற்காலியின் கிறீச்சு, தாள் புரளும் ஓசை,
மூச்சை இழுக்கும்போது
புல்லாங்குழல்காரி மார்கெத்தின் மூக்கு போடும் சின்ன விசில்,
கூரைமேல் கடற்காகம்.
பெனார்த்தில் இந்தப் பழைய சிற்றாலயத்தை எடுத்தால்
கடற்காகமும் வாடகையில் சேர்த்திதான்.

செவ்வாய் காலை ஹெலெத் தன் ஹார்ப்பை
மழையுறை போட்டு, சக்கரப் பலகையில் தள்ளிக்கொண்டு வந்தாள்.
நாற்பத்தேழு தந்தி. ஏழு மிதி.
அதன் காப்பீடு என் காரின் விலைக்கு மேல்.
"முதல் பாகத்தில் எட்டைத் தவிர எதையும் தொடாதே"
என்றாள் நக்கிமேரா, இசையை எழுதியவள்.

பிறகு தன் கோட்டுப் பையிலிருந்து
கேக் தட்டில் விரிக்கும் எண்ணெய்த்தாளை உருவி
நாடாவாகக் கிழித்து
தந்திகளுக்கு மேலும் கீழுமாக நுழைத்தாள்.
"எங்கள் என்னங்காவில் இதற்கு உடும்புத்தோல் வளையம்.
விமான நிலையத்தில் அதற்கொரு படிவம் நிரப்ப
எனக்குப் பொறுமை இல்லை."

ஹெலெத் ஒரு தந்தியை மீட்டினாள்.

ஜன்னலுக்கும் திரைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட வண்டு.

இந்த ஒலி வராமலிருக்கத்தான்
முப்பது வருஷமாக அவள் விரலைப் பழக்கியிருந்தார்கள்.
புதுப் பாத்திரத்தில் கீறல் பார்த்தவள் முகம் அப்போது அவளுக்கு.

சுருதி அடுத்த வம்பு.
ஒரு ஸ்தாயிக்குள் ஐந்தே படி,
ஐந்தும் ஏறக்குறைய ஒரே உயரம்.
"ஏறக்குறைய என்பதை மறந்துவிடாதே."
சுருதி காட்டும் கருவியின் முள்
எந்தச் சுரத்திலும் உட்காரவில்லை,
கல்யாண வீட்டில் நாற்காலி கிடைக்காதவன் மாதிரி
சுற்றிச் சுற்றி வந்தது.
கடைசியில் அதை அணைத்துப் பையில் போட்டுவிட்டு
நக்கிமேரா முனகிக் காட்டினாள்.
ஹெலெத் சாவியைத் திருகினாள்.

வாசித்தார்கள்.
வலக்கை விட்ட இடத்தில் இடக்கை.
இடக்கை விட்ட இடத்தில் யோலோவின் வயோலா.
அந்தச் சந்திலும் ஒரு சந்து பார்த்து மார்கெத்.
நெரிசல் பேருந்திலிருந்து
யாரும் யாரையும் இடிக்காமல் இறங்குகிறார்கள்.

அப்போதுதான் ஹெட்போனில் இன்னொன்று.

ஒரு மெட்டு. மெதுவானது.
மூவரும் ஓடுகிற அறைக்குள்
அது மட்டும் நடந்து வந்தது.
இசைத்தாளில் விரல் வைத்துத் தேடினேன்.
அப்படி ஒரு வரி இல்லை.

ஒவ்வொரு மைக்காக மூடித் திறந்தேன்.
ஹார்ப் தனியாக: இல்லை.
வயோலா தனியாக: இல்லை.
குழலில் அந்த விசில் மட்டும்.
எல்லாவற்றையும் திறந்தால் மறுபடி வந்து நிற்கிறது.
வண்டின் இரைச்சலைத் துடைத்துப் பார்த்தேன்,
அதற்கு மென்பொருள் உண்டு, தவணை இன்னும் முடியவில்லை.
வெள்ளிக் கரண்டி போல எல்லாம் சுத்தம்.
மெட்டைக் காணோம்.

ஒலிபெருக்கியில் கேட்டேன்:
"உங்களோடு நாலாவதாக யாராவது…"
நக்கிமேரா நிமிராமல் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தாள்.
"கேட்டுவிட்டதா? நல்லது.
அதை நான் எழுதவில்லை.
எழுதினால் யாராவது வாசித்துவிடுவார்கள்."

ஹெலெத்துக்கு அது கேட்கவேயில்லை.
கேட்கவில்லை என்று கொஞ்சம் கோபமும் வந்தது,
மதியம் சாண்ட்விச்சை யாரோடும் உட்காராமல் தின்றாள்.
ஏழாவது பதிவில்
அவள் விரல் ஒரு கணம் பின்தங்கியது,
தலை சாய்ந்தது,
வாசலில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.
இருபத்தோராவது தாளக்கட்டில் அந்தப் பிழை இருக்கிறது.
அந்தப் பதிவைத்தான் வைத்துக்கொண்டோம்.

என் விலைப்பட்டியலில் எப்போதும் ஒரு வரி உண்டு:
இரைச்சல் நீக்கம், இத்தனை மணி நேரம்.
துடைத்தது அரை மணி.
துடைத்ததைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது, மழையோடு, ஒரு பகல்.
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல்
வெறுமனே விட்டு அனுப்பினேன்.

கடற்காகத்தையும் எடுக்கவில்லை.
கேட்டுப் பார்த்தால்
அது சரியான சந்தில்தான் கத்தியிருக்கிறது.