காரணம் என்ற கட்டம்

சத்துவாச்சாரி கோர்ட்டில்
என் பேர் முதல் எதிரி.
சந்தேகத்தின் பலனை எனக்கே கொடுத்து
விட்டுவிட்டார்கள்.
ஷாப்பு கழிவுத் தொட்டியில் இறங்கு
என்று நான் சொன்னதைக்
கேட்டவன் சவரிமுத்து ஒருவன்தான்.
அவன் மேலே வரவில்லை.

சனிக்கிழமை சாமியாரிடம்
அதையே சொன்னேன், ஒளிக்காமல்.
சமாதானமாய்ப் போ மகனே என்றார்,
பத்து அருள்நிறை மரியே.
எட்டில் எண்ணிக்கை தப்பியது.

இன்று பஸ் ஸ்டாண்டில்
பிலோமினா, பி.எப். பாரத்தோடு.
"அண்ணே, சூப்பர்வைசர் எழுதணுமாம்."

பணியிலிருந்து நின்ற காரணம்:
ஒரு விரல் அகலக் கட்டம்.

பேனாவைத் திறந்தபடி நிற்கிறேன்.
காட்பாடி வண்டி இரண்டு போய்விட்டது.
வெயில் தாளாதென்று
குடையை என் பக்கம்
சாய்க்கிறாள்.