டிசம்பர் முப்பத்தொன்று

அன்று டுலூத்தில் மைனஸ் இருபத்திரண்டு.
நீதிபதியின் கறுப்பு அங்கிக்குள் பச்சை ஸ்வெட்டர் தெரிந்தது.
பனிக்காலணியோடு நின்று
சம்மதம் என்றாய், ஆர்வோ.
ஊரெல்லாம் ஜூனில் கல்யாணம் வைக்கும்;
நாம், வரி ஆண்டின் கடைசி மதியத்தில்.

காதல் என்று உன் அக்காவிடம் சொன்னேன்.
உன்னிடம் பென்சிலால் போட்டுக் காட்டினேன்:
நர்சிங் படிக்கும் என் வருமானம் சொற்பம்,
கப்பல்துறையில் உன்னுடையது கனம்,
இரண்டையும் ஒரே படிவத்தில் ஊற்றினால்
மட்டம் இறங்கும்.
ஒரே ஒரு நாள் மனைவியை
ஆண்டு முழுக்க மனைவி என்கிறது சட்டம்.
மார்ச்சில் நாம் முகம் பார்க்காமலிருந்த
மூன்று வாரமும் அதில் சேர்த்தி.

மிஞ்சிய பணத்தில் நாலு பனி டயர்.
தேனிலவும் அவற்றின்மேல்தான்,
டூ ஹார்பர்ஸ் வரை போய்
இருட்டுமுன் திரும்பினோம்.

பிறகு எனக்கும் சம்பளம் வந்தது,
உன்னுடையதற்குத் தோளளவு.
கூட்டிப் பார்த்த மின்னசோட்டா
நம்மை ஏணியில் ஒரு படி மேலேற்றியது;
அதற்கே கூச்சமாகி
திருமணச் சலுகை என்று ஒரு வரியில்
கொஞ்சம் சில்லறையைத் திருப்பிக் கொடுத்தது.
"சேர்ந்திருக்க அபராதமா?
தனித்தனியாக இருந்தால் எவ்வளவு மிச்சம், போடு."
போட்டேன். நூற்றுப் பதினான்கு டாலர்.
"என் குறட்டைக்கு அவ்வளவுதான் விலையா" என்று
முகம் வாடினாய்.

ஜனவரி ஒன்பது.
வாசலில் பாதி வழி வெட்டியிருந்தது.
பனிக்குவியலில் மண்வெட்டி குத்திட்டு நின்றது.
நீ நிற்கவில்லை.

அடுத்த ஏப்ரலில்
உன் பெயருக்குப் பக்கத்தில் அந்தத் தேதியை எழுதச் சொன்னார்கள்.
உன் கையெழுத்துக் கோட்டில்
நான் உயிரோடிருப்பவள் என்று எழுதச் சொன்னார்கள்.
மற்றபடி அந்த ஆண்டு முழுவதும் நாம் தம்பதி.
ஒன்பது நாள் கணவனுக்கும் அதே கணக்கு.
வாஷிங்டனும் ஒப்புக்கொண்டது,
செயின்ட் பாலும் ஒப்புக்கொண்டது.
மேசையில் தலைவைத்துக் கொஞ்சம் சிரித்தேன்.
பெருக்க மட்டுமே தெரிந்த சட்டம் என்று நினைத்தேன்.

இந்த ஆண்டு கழித்திருக்கிறது.
கழிவுத்தொகை பாதி,
வரி அடுக்குகள் எல்லாம் ஒடுங்கிவிட்டன.
வீட்டுக்குச் சூடேற்றும் பில் மட்டும்
ஒருத்திக்கென்று குறையவில்லை.

'தனியர்' என்ற கட்டத்தில்
பென்சிலால் ஒரு குறி போட்டிருக்கிறேன்.
பேனாவால்தான் போட வேண்டுமாம்.

பதினைந்தாம் தேதிவரை நேரமிருக்கிறது.