ஐந்து என்றால்

நாலு சாகும்.
ஆறு பிழைக்கும்.
மூலையில், விளிம்பிலிருந்து இரண்டாம் கோட்டில்
வரிசை கட்டி நிற்கும் காய்களுக்கு
கோ ஆட்டத்தில் விதி அவ்வளவுதான்.
ஐந்து என்றால்
யார் சான்சு என்று கேட்க வேண்டும்.

கே.வி.கே. குப்பத்துக்கு எதிரே
ஜெபமேரியின் டீக்கடை பெஞ்சில் பிளைவுட் பலகை.
பத்தொன்பதுக்குப் பத்தொன்பது,
பால்பாயிண்ட் பேனாவில் நான் இழுத்த கோடுகள்,
பதிமூன்றாவது கொஞ்சம் கோணல்.
தஸ்தகீருக்குப் புளியங்கொட்டை. எனக்குச் சட்டைப் பட்டன்.
துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள்
எண்ணூர் சாலையில் நேற்று மாலையிலிருந்து நகரவில்லை.
மற்ற டிரைவர்கள் ரம்மி.
நாங்கள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தோம்:
நடுவில் நிற்கும் காய்க்கு நாலு மூச்சு,
ஓரத்தில் மூன்று,
மூலையில் இரண்டே இரண்டு.

அவனுடைய ஐந்து கொட்டைகளைச் சுற்றி என் பட்டன்கள்.
கொட்டைக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு சந்து,
ஐந்து வீடு நீளம், மறுமுனை முட்டு.
அதற்குள் இரண்டு கண் திறந்தால் உயிர்.

சந்து வாசலில் நான் நுழைந்தால்
அடுத்த வீட்டில் அவன் அடைப்பான்.
மிச்சம் மூன்று. நடுவை நான் எடுப்பேன்.
நுழைந்த பட்டனை அவன் விழுங்கட்டுமே,
விழுங்கிய இடம் பொய்க்கண்.
அடைக்காமல் அவனே நடுவுக்கு ஓடினால்?
அதையும் பார்த்தேன்.
இன்னும் ஒரு வீடு உள்ளே தவழ்வேன்,
ஒற்றைக் கண்தான் தேறும்.

அவன் முதலில் என்றால் கணக்கே வேறு.
வாசலில் ஒரு கொட்டை, உள்ளே மிச்சம் நாலு.
நடு இரண்டில் ஒன்றில் நான் வைத்தால்
மற்றதில் அவன்.
தீர்ந்தது.

அப்போது அவன் சான்சு.
கொட்டையை உதட்டில் தட்டித் தட்டி யோசித்துக்கொண்டிருந்தான்.
முன்னால் ஏர் ஹாரன். வரிசை அசைந்தது.
டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினோம்.

அறுபது அடி.
மறுபடி பிரேக்.

திரும்பி வந்தபோது டீயில் ஆடை கட்டியிருந்தது.
"உன் சான்சுதானே?" என்றான்,
நிஜமாகவே மறந்து.

ஜெபமேரி பால் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள்.
என் விரல்களுக்கிடையே பட்டன்,
நூல் போன நாலு ஓட்டை.
"ஆமா" என்றேன்.

வாசல்.
அடைப்பு.
நடு.

ஐந்தையும், அடைக்க வந்த ஒன்றையும்
எண்ணி எடுத்தேன்.

கோபப்படவில்லை அவன்.
எல்லாவற்றையும் பழையபடி அடுக்கச் சொன்னான்.
"நான் மொதல்ல வச்சிருந்தா?"
"இங்க வச்சிருக்கணும்."
"வச்சுக் காட்டு."
அவன் கொட்டையை என் கையால் வைத்துக் காட்டினேன்.
இந்தப் பக்கம் கொன்று பார்த்தோம், அந்தப் பக்கம் கொன்று பார்த்தோம்.
சாகவே இல்லை.
குழந்தை மாதிரி சிரித்தான்.
"ஒரே ஒரு சான்சு, நைனா! அதுலதான் போச்சு."
"ஆமா."

வரிசையில் அவன் வண்டி எனக்கு நேர் முன்னால்.
விடியும்வரை நகரவில்லை.
கண்ணாடி முழுக்க அவன் பின்விளக்கு,
இரண்டில் ஒன்றுதான் எரிந்தது.