இன்னொருக்கா

ஹல் நகரில் குசினிதான் என் கந்தோர்.
கேத்திலுக்குப் பக்கத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு
நிமிடத்துக்கு முப்பத்தைந்து பென்ஸுக்கு
வாய் வாடகைக்கு விடுகிறேன்.
அவர்கள் ஒரு வசனம், நம்மவர் ஒரு வசனம்,
நடுவில் முகமில்லாமல் நான்.

காலையில் இப்ஸ்விச்சிலிருந்து ஒரு தாதி:
பிள்ளை காய்ச்சல் ‘ரன்’ பண்ணுகிறதா?
காய்ச்சல் எங்களுக்குக் காயும், அடிக்கும், கொதிக்கும்.
ஓடுவதென்றால் அது
உடம்பை விட்டுப்போகிற அன்றைக்குத்தான் ஓடும்.
‘காயுதோ’ என்று கேட்டேன். தாய் ‘ஓம்’ என்றாள்.

அடுத்தது மாநகரசபை.
பூட்டிக் கிடந்த வீடாம், பைப்பை
இரண்டு நிமிடம் ஓடவிட்டுவிட்டுக் குடிக்கட்டாம்.
இது லேசு. தண்ணீர்
எந்தப் பாஷையிலும் ஓடும்.

பத்தரைக்கு மோரீன் கதவைத் தட்டினாள்.
பக்கத்து வீடு. இடுப்பெலும்பு மாற்றி ஆறு கிழமை.
ஆஸ்பத்திரிவரை என்னை ‘ரன்’ பண்ணுவாயா, செல்லம்?
வந்த புதிதில் இதே கேள்விக்கு
இந்த மனுசியை நான் ஏன் ஓட வைக்கவேண்டும் என்று
முழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.
இப்போது தெரியும்: ஓடு அல்ல, ஓட்டு.
ஒரு ட் போட்டால் கார் வந்துவிடும்.
மூன்று மணிக்கு என்றேன்.

மெஷினுக்குள் மகனின் பள்ளிக்கூடச் சேர்ட்டுகள்
ரோசா நிறமாகிக் கிடந்தன. ஒரே ஒரு சிவப்புச் சொக்ஸ்.
சாயம் எனக்குப் போகும், அவனுக்கு ஓடும்.
வெளுப்பது ஒரே மெஷினில்தான்.

பிறகு அந்த அழைப்பு.
குரோய்டன். பெண் அதிகாரி, இதமான குரல்.
எதிரே இருந்தவர் பெயர் நேசராசா.
அவர் அடிக்கடி தொண்டையைச் செருமினார்.
நீங்கள் என்ன ‘ரன்’ பண்ணினீர்கள்?
‘என்ன தொழில் நடத்தினனீங்கள்?’
சைக்கிள் கடை. ஒட்டுப் போடுறது, காத்தடிக்கிறது.
எதுவரை ‘ரன்’ பண்ணினீர்கள்?
இந்தமுறை அவர் செருமவில்லை.
‘பங்குனிக்குப் பிறகு கடை ஓடேல்லை.
நாங்கள்தான் ஓடினனாங்கள்.’

பதினோரு வருசத்தில் முதல்தடவை
ஒரு வசனம் தன் காலாலேயே அக்கரைக்குப் போனது.
நான் எதையும் தூக்கவில்லை.
‘ஓ’ என்றார் அதிகாரி. தட்டச்சுச் சத்தம் நின்றது.
பிறகு கேட்டார்:
அதை இன்னொரு தடவை
என் பக்கமாக ‘ரன்’ பண்ண முடியுமா?

சொல்லுக்குச் சொல் வைத்தால்
அந்த மனிதன் கதிரையை விட்டு எழும்பி
அவர் காணும்படியாக, அவரை உரசிக்கொண்டு,
கடைவாசலிலிருந்து, உப்புத் தரவையால், பாலத்தால்
மறுபடி ஓடவேண்டும்.
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று
இந்த வேலைக்கு நான் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

‘இன்னொருக்காச் சொல்லட்டாம்’ என்றேன்.
மிச்சத்தைக் கேத்திலுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

சொன்னார். முதல் சொன்னதைவிட மெதுவாக.
யாரோடு என்று அதிகாரி கேட்டார்.
‘மூத்தவளோட.
பாலம்வரைக்கும் மூத்தவளோட.’

கூட வருவதற்கும் ஓடு,
விட்டுவிட்டு வருவதற்கும் ஓடு.
இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?
‘வித்’ என்றேன்.
அது போட்ட இடத்திலேயே நின்றது.

நேரம் ‘ரன் அவுட்’ ஆகிவிட்டதாம்.
நன்றி சொன்னார், எனக்கும் அவருக்கும் ஒரே நன்றி.
நாற்பத்தேழு நிமிடம் என்று திரை கணக்குக் காட்டியது.
சிங்குக்குள் பைப் திறந்தபடி இருந்தது.
எப்போது திறந்தேன் என்று தெரியவில்லை.

மூன்றாக இன்னும் அரைமணி இருக்கிறது.
அதற்குள் மோரீன் காருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள்,
மழைக்கோட்டின் பொத்தானை மாற்றிப் பூட்டிக்கொண்டு,
ஊன்றுகோலோடு.