இருபது லிட்டர்

மேட்டுப்பாளையத்தில் அஸ்கர் பாய்
பஸ்ஸில் ஏற்றிவிடும் பாலிதீன் பை
பர்லியார் தாண்டும்போதே உப்பத் தொடங்கும்.
குன்னூர் ஸ்டாண்டில் கண்டக்டர் அதைத்
திருவிழாப் பலூன்போல் நீட்டுவார்:
“இந்தத் தடவையாவது செட்டாகுமா சிஸ்டர்?”

நான் சிஸ்டர் இல்லை, டயாலிசிஸ் டெக்னீஷியன்.
சொல்லி முடிப்பதற்குள்
வண்டி ஊட்டிக்குக் கிளம்பிவிடும்.

முதலில் வந்தவன் ஃபைட்டர்.
மைக்கூட்டு நீலம், ஓரத்தில் துரு.
கடையில் அவனுக்கும் அடுத்த பாட்டிலுக்கும் நடுவே
ஒரு காலண்டர் அட்டை செருகியிருந்தது.
எடுத்தால் இரண்டும் விரிந்து வீங்கும்.
“தனியா இருக்கட்டும்மா, அதான் அதுக்கு சொகம்”
என்றார் பாய். நான்தான் கேட்கவில்லை.
இருபது லிட்டருக்கு ஒரே ஆள் என்பது
மாத வாடகை கொடுப்பவளின் கண்ணை உறுத்தியது.

கப்பி இரண்டு வந்தன.
வாலை விசிறிக்கொண்டு வந்தன, அதுதான் குற்றம்.
தன்னைப்போல் உடுத்திய எவரையும்
அவனால் பொறுக்க முடியாது.
விடிந்தபோது இரண்டு மீன், ஒன்றரை வால்.
வாளியோடு ஜெசிந்தாவின் மகனுக்குக் கொடுத்துவிட்டேன்.

நியான் டெட்ரா கூடிக்கொண்டு கடிக்குமாம்.
கோரி நல்ல பிள்ளை, தரை பார்த்து நடக்கும்,
ஆனால் ஆறு பேராய் இல்லாவிட்டால் ஏங்கிப்போகும்.
ஆறு பேருக்கு என்னிடம் தரை இல்லை.

ஒயிட் கிளவுட் என்று ஒரு மீன்.
பெயரே எங்கள் ஊர் நவம்பர்.
சாது, வாலும் சின்னது.
எல்லாம் பொருந்தியது, சூட்டைத் தவிர.
அதற்குப் பதினெட்டு டிகிரி, அவனுக்கு இருபத்தாறு.
ஹீட்டரின் சிவப்பு விளக்கருகே
கை வைத்தபடி வெகுநேரம் நின்றேன்.
நடுவில் இருபத்திரண்டில் நிறுத்தினால்
இரண்டும் சாகாது.
வாழவும் வாழாது.
வந்த பையை மறுநாளே கீழே அனுப்பினேன்.
இறங்க இறங்கச் சுருங்கியிருக்கும்.

வார்டில் மூன்றாம் நாற்காலி தேவசகாயம்,
நான்காவது போஜன்.
ஜன்னலைச் சாத்தச் சொல்வார் ஒருவர், திறக்கச் சொல்வார் மற்றவர்.
வாரம் மூன்று முறை, நாலு நாலு மணி நேரம்,
எழுந்துபோகவும் முடியாது, கையில் ஊசி.
நடுவில் திரையை இழுத்துவிட்டேன்.
இப்போது திரைக்கு இப்பாலும் அப்பாலும்
மாறி மாறி இருமிக்கொள்கிறார்கள்,
கேள்வியும் பதிலுமாய்.

பிறகு ஆப்பிள் நத்தை, மஞ்சள், கோலிகுண்டு அளவு.
மீசையை ஒருமுறை கொத்திப் பார்த்தான் அவன்,
அப்புறம் வழிவிட்டுப் போனான்.
செட்டாகிவிட்டது என்று கண்டக்டரிடம்கூடச் சொன்னேன்.
மூன்றாம் வாரம் ஓட்டின் நுனி வெளுத்தது.
ஆஸ்பத்திரி மீட்டரைத் தொட்டியில் விட்டால்
முப்பத்தெட்டு.
மழைத்தண்ணியைவிடக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான்.
பகலெல்லாம் ஆட்களின் ரத்தத்திலிருந்து உப்பை இறக்குகிறவள்
ராத்திரி முட்டை ஓட்டைப் பொடித்து
ஒரு நத்தைக்குச் சுண்ணாம்பு ஏற்றினேன்.
எட்டவில்லை.
மரம் விழுந்து கரண்ட் போன செவ்வாய்க்கிழமை,
வெந்நீர் பாட்டில்களை மிதக்கவிட்டு
ஃபைட்டரைப் பிடித்துவைத்த அதே இரவில்
அது மூடியைத் திறந்தபடி கிடந்தது.

இனி எதுவும் அனுப்ப வேண்டாம், பாய்.
கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

நேற்று செடியை அலசும்போது
இலைக்கு அடியில் கடுகளவு ஒரு நத்தை.
யாரும் பார்த்துப் பொறுக்கியதில்லை,
லக்கேஜ் சீட்டு கிழித்ததில்லை.
எந்த மாதம், எந்தப் பையில் ஒட்டி மலையேறியதோ.
இந்த முப்பத்தெட்டிலும் ஓடு பழுப்பாய் மின்னுகிறது.
அவன் வந்தான், செவுளை விரித்தான்,
என்னவோ நினைத்து மடக்கிக்கொண்டு
ஹீட்டர் பக்கம் போய்விட்டான்.

டார்ச் அடித்துத் தேடினேன்.
பின்கண்ணாடியில் இன்னும் பதினொன்று.

பாய், இதுகளைக் குறைக்க என்ன வழி?

“தீனியைக் குறைங்க.”