குதிரைக் காதுகள்

அலா-பேல் கணவாய் இறங்கி வருகிறவர்கள்
என் தகரப் பெட்டிக் கடைமுன் நிறுத்தி
முதலில் வாயால்தான் பிரேக் பிடிப்பார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு கீஈஈச் என்பார் ஒருவர்.
லாரிக்கார எசென்பெக்
தொண்டைக்குள் கற்ர்ர் என்று இழுப்பான்.
பிஷ்கெக் போகிற பல் டாக்டரம்மா
கூச்சப்பட்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு,
டொக் என்பார், ஒரே ஒரு தடவை.

காலையில் மட்டுமா? இரவு பனி விழுந்ததா?
டிஸ்க்கில் பூத்த துரு. நாலு மிதியில் உதிரும், போய் வா.
மிதிக்காதபோதும் சர்ரென்று உரசுகிறதா?
மறைப்புத் தகட்டுக்குள் கூழாங்கல். காசு வேண்டாம்.
டொக்கென்றால் எங்கோ போல்ட் தளர்ந்திருக்கிறது.
கீச் என்பது நல்ல செய்தி:
கட்டை தேய்ந்ததும் டிஸ்க்கைச் சுரண்டிக் கத்தவென்றே
நாக்கு மாதிரி ஒரு தகடு வைத்து அனுப்புகிறார்கள்.
கத்துகிறவரை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.
கறகற என்றால் மிச்சம் இல்லை.

சைராகுல் எந்தச் சத்தமும் போடவில்லை.
பின்சீட்டு முழுக்க டோக்டோகுல் தேன் ஜாடிகள்.
ஓட்டுகிறவருக்குக் காது கேளாது என்று
கண்ணாடியில் மூன்று கருப்புப் புள்ளி வைத்த மஞ்சள் வட்டம்.

இரண்டு கைகளையும் தலைமேல் வைத்து
விரல்களை விறைப்பாக நிமிர்த்தினாள்.
முயலா?
சாலையோரம் மேயும் குதிரைகளைக் காட்டினாள்.
காலால் தரையை மிதித்தாள்; விரல்கள் நிமிர்ந்தன.
மறுபடி மிதித்தாள். மறுபடி காதுகள்.

என் பில் புத்தகத்தைப் பிடுங்கிப் பின்பக்கத்தில் எழுதினாள்:
பன்னிரண்டு நாளாக, பிரேக் போட்டால் பார்க்கின்றன.
முந்தாநாளிலிருந்து பார்ப்பதில்லை. ஓடுகின்றன.
கீழே, கொஞ்சம் சாய்த்து:
மைத்துனன் எட்டிப் பார்த்தான். பனிக்காலம்வரை தாங்குமாம்.

பிறகு என் உள்ளங்கையை இழுத்து
மணலை அள்ளி வைத்துத் தேய்த்தாள்.
பெடல் வழியாக அவள் காலுக்கு வருவது அது.

சக்கரத்தைக் கழற்றினேன்.
மைத்துனன் பொய் சொல்லவில்லை.
வெளிக்கட்டையில் ஐந்து சோம் காசுகள் அடுக்கின கனம்;
இரண்டுக்கு வந்தால்தான் மாற்றச் சொல்வேன்.
குனிந்து உள்பக்கம் டார்ச் அடித்தேன்.
அங்கே கட்டையே இல்லை.
முதுகுத் தகடு மட்டும், இரும்போடு இரும்பு.
வழுக்கிப் போகவேண்டிய ஊசி கிரீஸ் காய்ந்து இறுகி,
பாதி கைதான் எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது,
மூவாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து, தேனோடு.

டிஸ்க்கின் பள்ளத்தில் நகத்தை மாட்டி
ஒரு சுற்று முழுக்க ஓட்டிப் பார்த்தாள் சைராகுல்.
பன்னிரண்டு நாள்.
பெட்ரோல் பங்கில், செக்போஸ்டில்,
தேன் வாங்க ஓரமாய் நின்ற கார்களில்
எத்தனை பேர் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள் என்று
நான் எழுதிக் காட்டவில்லை.

புது டிஸ்க், புதுக் கட்டைகள், ஊசிக்குக் கிரீஸ்.
பாதி கூலி பணம், பாதி தேன்.
அறுபதில் போ, பத்துக்கு இறக்கு, நிறுத்தாதே,
இப்படிப் பத்துத் தடவை, கட்டையும் டிஸ்க்கும் பழகட்டும்
என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

முதல் மிதி. குட்டியோடு நின்ற பெண்குதிரை
தலையைப் புல்லிலிருந்து எடுக்கவில்லை.
மூன்றாவது. புல்.
சாலையைப் பார், சாலையைப் பார் என்று
டாஷ்போர்டைத் தட்டிக்கொண்டே வந்தேன்.
ஏழாவது மிதியில்
ஒரு செவலைக்கு மட்டும் காது விறைத்து நின்றது.
சைராகுல் என் முழங்கையைப் பிடித்துவிட்டாள்.

விரலை நீட்டிக் காட்டினேன்.
காதின் நுனியில்
ஈ.